நிதியியல் உயர்கல்வியும் நம் சங்கக் கணக்கும்

வங்கியியல், நிதியியல் ஆகிய துறைகளில் முதுநிலைப் படிப்பு என்றவுடன், அது நகரத்துப் பெரிய வங்கிகளில் உத்தியோகம் தேடுவோர்க்கே உரியது என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். கொல்லிமலை அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் மரவள்ளி பயிரிடுபவருக்கும், தறியில் அமர்ந்து பிழைப்பவருக்கும் அதனால் ஆவது என்ன என்னும் வினா எழுவது இயல்பே. அக்கல்வி ஆராயும் பொருள்களுள் இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, கெடுவின் பொருத்தம். மரவள்ளி ஏறத்தாழப் பத்து மாதங்களில் அறுவடைக்கு வரும். மிளகுக் கொடி நட்டவரோ பலன் காண மூன்று, நான்கு ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். நெசவாளர் வாங்கிய நூல் சில வாரங்களில் துணியாகிவிடும்; எனினும் அது விலைபோகப் பண்டிகைக் காலம் வரவேண்டியிருக்கலாம். இம்மூவருக்கும் ஒரே கெடு விதித்தால், கொடி காய்க்கும் முன்னரே மிளகு விவசாயி தவணை தவறியவர் ஆகிவிடுவார். சங்கக் கடனை அடைக்க வெளியில் அதிக வட்டிக்குக் கடன்படுவார். மறுபுறம், ஓராண்டு வைப்பாகப் பெற்ற பணம் முழுவதையும் நான்காண்டுக் கடனாக வழங்கிவிட்டால், வைத்தவர் வந்து கேட்கும் நாளில் பெட்டி வெறுமையாக இருக்கும். ஒரு கடனும் மோசம் போகாமலே சங்கம் தத்தளிக்க நேரும்.

இரண்டாவது, வட்டிக் கணக்கு. ஒருவர் 12,000 ரூபாயை நூற்றுக்கு 12 வட்டியில் பெற்று, மாதம் 1,000 ரூபாய் அசலாகச் செலுத்துவதாகக் கொள்வோம். தொடக்க அசல் முழுவதற்கும் ஓராண்டு வட்டி கணக்கிட்டால் 1,440 ரூபாய் ஆகிறது. மாதந்தோறும் எஞ்சிய அசலுக்கு மட்டும் கணக்கிட்டால் 780 ரூபாயே ஆகிறது. வட்டி வீதம் ஒன்றுதான்; வித்தியாசமோ 660 ரூபாய். ஆகவே, கடன் பெறுவோர் வீதத்தை மட்டுமன்றி, எந்த அசலுக்கு வட்டி என்பதையும் கேட்டறிதல் அவசியம்.

1904-ல் திரூரில் நம் மாகாணத்தின் முதல் கிராம நாணயச் சங்கம் தோன்றியது. அதன்பின் அரை நூற்றாண்டு கழிந்தும், 1951-52-ஆம் ஆண்டின் அகில இந்தியக் கிராமக் கடன் ஆய்வின்படி, விவசாயிகள் பெற்ற கடனில் கூட்டுறவின் பங்கு நூற்றுக்குச் சுமார் மூன்றே, பெரும்பங்கு லேவாதேவிக்காரருடையது. சங்கம் நிறுவினால் மட்டும் போதாது. அதனைத் திறம்பட நடத்தும் அறிவும் வேண்டும் என்பதே நாம் பெறும் பாடமாகும்.

அவ்வறிவைப் பெற வழிகள் உள. ரிசர்வ் வங்கியின் முயற்சியால் 1969-ல் நிறுவப்பட்ட தேசிய வங்கி மேலாண்மைக் கழகமும், வைகுந்த மேத்தா தேசியக் கூட்டுறவு மேலாண்மைக் கழகமும் புனேயில் உள்ளன. திண்டுக்கல் அருகே காந்திகிராமக் கிராமியப் பல்கலைக்கழகம் கூட்டுறவை ஒரு தனித் துறையாகவே கற்பித்து வருகிறது. முதுநிலை வகுப்பில் சேர இளநிலைப் பட்டம் தேவை. நுழைவுத் தேர்வு எழுதவேண்டிய இடங்களும் உண்டு.

பட்டம் பெற்ற மக்களை உடைய அங்கத்தினர் இவற்றை விசாரித்தறிய வேண்டுகிறோம். ஏனையோர் அடுத்த பொதுக்குழுவில், நம் வைப்புகள் எப்போது திருப்பித் தரவேண்டியவை, கடன்கள் எப்போது வசூலாகக்கூடியவை என்னும் இரு கேள்விகளையேனும் கேட்பாராக. உடைமையாளர் கேட்கும் சங்கமே உறுதியாக நிற்கும்.