பாடம் செய்த மான் தலை: கண்ணைச் சரியாகப் பொருத்துவது எப்படி?

தோல் நன்றாகப் பதப்பட்டிருக்கும். காதுகளும் நேராக நிற்கும். ஆனாலும் சுவரில் மாட்டியதும் மான் திடுக்கிட்டு விழிப்பது போலவோ, தூங்கி வழிவது போலவோ தெரியும். உடனே விலை கூடிய கண்ணாடிக் கண்ணைத் தேடிப் போக வேண்டாம். பெரும்பாலும் கோளாறு கண்ணில் இருப்பதில்லை. அதை வைத்த கோணத்திலும் சுற்றியுள்ள இமையிலும்தான் இருக்கும். இரண்டையும் சரிசெய்யலாம்.

வட அமெரிக்காவில் அதிகம் பாடம் செய்யப்படும் வெள்ளைவால் மானை எடுத்துக்கொள்வோம். அதன் கண்பாவை (ஒளி நுழையும் திறப்பு) நம்முடையதைப் போல வட்டமானதல்ல, கிடைமட்டமாக நீண்டது. இப்படிப்பட்ட பாவை கொண்ட ஆடு, குதிரை ஆகியவற்றைப் பற்றி 2015-இல் வெளியான ஆய்வு ஒன்று, அவை குனிந்து மேயும்போது கண்விழி 50 பாகைக்கும் மேல் சுழன்று, பாவையைத் தரைக்கு இணையாகவே வைத்திருப்பதைக் காட்டியது. மானுக்கும் இதையே விதியாகக் கொள்ளுங்கள்: பாவை தரைக்கு இணையாக அமைய வேண்டும், மூக்கின் சாய்வுக்கு இணையாக அல்ல. ஃபோம் உருவை (தோல் போர்த்துவதற்கான தலை வடிவம்) மேசையில் சாய்த்து வைத்துக்கொண்டு கண் பொருத்தினால், சுவரில் ஏற்றியதும் பாவை சரிந்து நிற்கும். முகம் கெடுவதற்கு இது முதல் காரணம்.

இரண்டாவது காரணம், கண்ணைத் தட்டையாகப் பதிப்பது. மானின் கண் தலையின் பக்கவாட்டில் இருக்கிறது. மூக்கோர முனை உள்ளே அமிழ்ந்தும், கடைக்கண் வெளியே தள்ளியும் இருக்கும். புருவ எலும்பு முன்னால் துருத்துவதால் கண்ணின் முகப்பு சற்றே கீழ்நோக்கிச் சாயும். மூன்றாவது காரணம், தோல் காயும்போது சுருங்கி, இமை கண்ணாடியை விட்டு விலகுவது.

எது உங்கள் கோளாறு என்று அடையாளம் காண்பது எளிது. கண்ணைச் சுற்றி வெள்ளை அதிகம் தெரிந்தால் கண் வெளியே துருத்துகிறது, அல்லது மேலிமை போதவில்லை. நேர் எதிரே நின்று பார்க்கையில் ஒரு கண் கூடுதலாகத் தெரிந்தால் இரண்டின் ஆழமோ கோணமோ வேறுபடுகிறது. ஆனால் கழுத்துத் திரும்பிய உருவானால், முகத்துக்கு நேராக வந்து நின்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். கண்ணாடிக்கும் இமைக்கும் நடுவே கருங்கோடாக இடைவெளி விழுந்திருந்தால் அது காய்ந்ததால் வந்தது.

இனி வேலைக்கு வருவோம். உருவைச் சுவரில் தொங்கும் அதே சாய்வில் தாங்கியில் பொருத்துங்கள். கண்குழியை உப்புத்தாளால் தேய்த்தால்தான் பசை பிடிக்கும். வளர்ந்த வெள்ளைவால் மானுக்குப் பெரும்பாலும் 30 முதல் 34 மி.மீ. கண் பொருந்தும், உருவுக்குப் பரிந்துரைத்த அளவை மீறாதீர்கள். குழியில் சிறிது களிமண் வைத்துக் கண்ணை அழுத்துங்கள். பாவையின் நேருக்குச் சிறிய ரசமட்டத்தைப் பிடித்துப் பாருங்கள். பிறகு மூக்கு நுனியிலிருந்து இரு கண்களின் மூக்கோர முனை வரையுள்ள தூரத்தைக் கவராயத்தால் அளந்து ஒப்பிடுங்கள். எதிரிலிருந்தும் மேலிருந்தும் கீழிருந்தும் பார்த்து, இரண்டும் ஒத்த பிறகே இமையைத் தொடுங்கள்.

மேலிமைக்குக் களிமண்ணைத் தடிமனாகவும் கண்ணாடியின் மேல் சற்றுக் கவிந்தும் வையுங்கள். கீழிமைக்கு மெல்லிய பட்டை போதும். காதும் கண்ணும் ஒரே மனநிலையைக் காட்ட வேண்டும். காது முன்னோக்கி விறைத்திருக்க, இமை பாதி மூடியிருந்தால் முகம் பொய்யாகிவிடும். உயிருள்ள மானின் புகைப்படம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

தோலைப் பதப்படுத்தும்போது இமையின் உள்மடிப்பை வெட்டிவிடாதீர்கள். கண்ணாடிக்கும் களிமண்ணுக்கும் நடுவே செருகுவதற்கு அதுதான் பிடி. தோலை உருவின் மேல் போர்த்திய பின் அந்த மடிப்பை மழுங்கிய தகட்டால் செருகி, கண்ணுக்கு முன்னால் உள்ள சுரப்பிப் பள்ளத்திலும் தோலை அழுத்திக் குண்டூசியால் நிறுத்துங்கள். முதல் சில நாட்கள் தினமும் பாருங்கள். இமை விலகினால் தூரிகையால் நீர் தொட்டு இளக்கி மீண்டும் செருகலாம். ஹேர் டிரையர், வெயில், மின்விசிறி எதுவும் வேண்டாம். மெல்லிய இமைதான் முதலில் சுருங்கும்.

முழுதும் காய்ந்த பிறகு தெரியும் சிறு இடைவெளிக்குப் பதற வேண்டாம். எபாக்சி பட்டியால் (இரு கலவைகளைப் பிசைந்தால் இறுகும் பொருள்) நிரப்பி, இமையின் கருநிறம் தீட்டினால் போதும். சூப்பர் குளூவால் ஒட்டுவது வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் வெண்படலமாகப் படியும். பெரிய கண்ணைத் திணித்து இடைவெளியை மறைப்பதும் தவறு. விழிப்பு இன்னும் கூடும்.

தாத்தா காலத்து மான் தலையானால் இவற்றில் எதையும் செய்யாதீர்கள். பழைய பாடங்களில் பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் பூசும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தேய்த்தாலோ நனைத்தாலோ அந்த நஞ்சு கைக்கும் மூச்சுக்கும் வரும். அருங்காட்சியகப் பாதுகாப்பு வல்லுநரைக் கொண்டு சோதித்த பிறகே தொடுங்கள். இந்தியாவில் இருப்பவர்களுக்கு இன்னொன்று: 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உரிமைச் சான்று இல்லாமல் இத்தகைய தலையை வைத்திருப்பதே குற்றமாகலாம். சான்று இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பழுதுபார்ப்பதை வனத்துறையிடம் கேட்ட பின் வைத்துக்கொள்ளலாம்.