கைகலப்பில் கைகொடுக்கும் கலை எது?

கல்முனைக் கரையோர ஊர்களில் தற்காப்புக்கென்று ஒருவர் கற்கக்கூடிய கலைகள் மூன்று வழிகளில் வந்து சேர்ந்தவை. சீனடியும் கம்புச் சிலம்பமும் வாப்பா, மூத்தாப்பா காலத்திலிருந்து ஊருக்குள்ளேயே இருப்பவை. கராத்தே, ஜூடோ, தைக்குவாண்டோ, ஊஷூ, குத்துச்சண்டை ஆகியவை பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் வழியாகப் பரவியவை. முய் தாய், பிரேசிலியன் ஜுஜிட்சு போன்றவை கைத்தொலைபேசித் திரையில் அறிமுகமாகி, கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ தொழிலுக்குப் போனவர்கள் பழகிக்கொண்டு வருபவை. அபுதாபியில் ஜுஜிட்சு பாடசாலையிலேயே கற்பிக்கப்படுகிறது.

இவற்றில் எது உயர்ந்தது என்ற வாதத்துக்கு முடிவில்லை. ஆபத்தில் எது உதவும் என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான விடை உண்டு. அந்த விடைக்குப் போகுமுன், தெருவில் நடக்கும் கைகலப்பு எப்படிப்பட்டது என்பதை அறிய வேண்டும்.

தெருவின் இயல்பு

மைதானத்தில் பந்தாட்டம் முடிந்த பின் எழும் தள்ளுமுள்ளு, மோட்டார் சைக்கிளில் வந்து சங்கிலியையோ பையையோ பறிப்பது, ஆள் நடமாட்டமற்ற ஒழுங்கையில் வழிமறிப்பது, பஸ் நெரிசலில் அத்துமீறுவது, வேலித் தகராறு முற்றிக் கைநீட்டுவது ஆகியவைதான் ஊர்ப்புறத்தில் ஒருவர் எதிர்கொள்ளக்கூடியவை. இவற்றில் மணியடித்துத் தொடங்குவது எதுவுமில்லை. முதல் அடி பெரும்பாலும் பேச்சின் நடுவே, ஒரு கை எட்டும் தூரத்திலிருந்து விழும். எதிரில் நிற்பவன் ஒருவனா மூவரா, அவன் கையில் என்ன இருக்கிறது என்பது அந்தக் கணத்தில் தெரியாது.

அச்சம் வந்ததும் இதயம் வேகமெடுக்கிறது, பார்வை குறுகுகிறது, விரல்களின் நுண்ணிய இயக்கம் தடுமாறுகிறது. அந்த நேரத்தில் உடம்பு செய்வது பலநூறு முறை செய்து பழகியதை மட்டுமே. அதனால் ஒரு கலையை எடைபோடும்போது முதலில் கேட்க வேண்டியது, பயிற்சியில் எதிராளி உண்மையாக எதிர்க்கிறானா என்பது. அடுத்து, ஒட்டி நிற்கும் தூரத்தில் அது என்ன சொல்லித் தருகிறது, மணல், தார் வீதி, சாரம், அபாயா ஆகியவற்றோடு பொருந்துமா, ஒரு வருடத்துக்குள் பயன் தருமா என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

சீனடியும் கம்பும்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் மரபுக் கலைகளில் சீனடிக்குத் தனியிடம் உண்டு. கைவரிசை, காலடி, கம்பு, வாள்வீச்சு என்று அது விரிகிறது. பெயரைச் சீனாவோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. கலியாண ஊர்வலங்களிலும் வரவேற்பு விழாக்களிலும் அண்ணாவியார் தலைமையில் ஆடப்படும் பொல்லடி இதன் உறவுக் கலை. அது தாளத்துக்கும் பாட்டுக்கும் அடிக்கும் ஆட்டம் என்பதால் தற்காப்புக் கணக்கில் வராது. எனினும் இரு கையிலும் பொல்லோடு வட்டத்தில் சுழலும்போது கண்ணும் காலும் பெறும் ஒழுங்கு சிறியதல்ல.

சீனடியின் பெரிய பலம் காலடி. கடற்கரை மணலில் வெறுங்காலோடு பழகியவரின் இடுப்பு எளிதில் நிலைகுலையாது. நேராகப் பின்வாங்காமல் பக்கவாட்டில் விலகிக் கோணம் எடுக்கும் பழக்கம், ஒருவருக்கு மேற்பட்டோர் சூழும்போது பெரிதும் உதவும். நெற்றி உயரக் கம்பை வீசத் தெரிந்தவர், குடையையோ தும்புத்தடிப் பிடியையோ வைத்துக்கொண்டும் எதிராளியைத் தூரத்தில் நிறுத்தலாம்.

குறை, பயிற்சி முறையில் இருக்கிறது. இன்று பல இடங்களில் இது மேடைக்கென்றே ஒத்திகை பார்க்கப்படுகிறது. இன்ன அடிக்கு இன்ன தடுப்பு என்று முன்கூட்டியே பேசிவைத்த வரிசைதான் பழக்கமாகிறது. தடுப்பவருக்கு எந்தப் பக்கம் அடி வரும் என்று தெரியாமல், பஞ்சு சுற்றிய கம்போடு விளையாட்டாக மோதவிட்டால் முதல் சில மாலைகளில் தடுப்புகளில் பாதி தவறும். சில வாரங்களில் அதே வரிசைக்கு உயிர் வந்துவிடும். சிங்கள மரபின் அங்கம்பொரவுக்கும் தமிழகச் சிலம்பத்துக்கும் இதே கணக்குத்தான்.

கராத்தேயும் தைக்குவாண்டோவும்

ஒக்கினாவாத் தீவில் வளர்ந்த கராத்தேயை 1922இல் ஃபுனகோஷி கிச்சின் டோக்கியோவில் செய்துகாட்டிய பின்னரே அது ஜப்பான் முழுவதும் பரவியது. இலங்கையின் சிறு நகரங்களில் தற்காப்பு என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது இதுதான். நேர்க்குத்து, முன்னுதை, ஓங்கிய குரல், ஒழுக்கம் ஆகிய நான்கையும் சிறு வயதிலேயே ஊன்றிவிடுவது இதன் சிறப்பு.

போட்டி விதிகள் பழக்கமாக மாறுவதுதான் சிக்கல். புள்ளிமுறைக் கராத்தேயில் ஓர் அடி பட்டதும் நடுவர் நிறுத்திவிடுவார். தெருவில் இரண்டாவது அடி அதற்குப் பின்தான் வரும். கியோகுஷின் பிரிவில் முழு வேகத்தில் அடித்துக்கொள்கிறார்கள். ஆனால் போட்டியில் முகத்தில் கையால் குத்த அனுமதியில்லை. ஒலிம்பிக் தைக்குவாண்டோவிலும் தலைக்கு உதை உண்டு, கைக்குத்து இல்லை. அதனால் கைகளைத் தாழ்த்தி நிற்கும் பழக்கம் வந்துவிடுகிறது. உயர உதைக்குச் சாரமும் இடம் தராது, அபாயாவும் இடம் தராது. முழங்காலுக்குக் கீழே செல்லும் தாழ்ந்த உதையே நடைமுறைக்கு உகந்தது. கராத்தே பயில்வோர் வாரத்தில் ஒரு நாளாவது தலைக்கவசம் அணிந்து, நிறுத்தாமல் ஒரு நிமிடம் மோதிப் பழகினால் இக்குறையில் பெரும்பகுதி தீரும்.

குத்துச்சண்டையும் முய் தாயும்

குறைந்த காலத்தில் அதிகப் பயன் தருவது எது என்று பார்த்தால் குத்துச்சண்டை முன்னுக்கு வருகிறது. நான்கைந்து குத்துகளும் சில தடுப்புகளுமே பாடம். மீதி நேரம் முழுவதும் உண்மையான எதிராளியோடு கழிகிறது. முகத்துக்கு நேரே கை வரும்போது கண்ணை மூடாமல் இருக்கச் சில மாதங்களில் பழகிவிடலாம். தூரத்தை அளப்பதும் மூச்சைச் சேமிப்பதும் கூடவே வருகின்றன. பழகாத ஒருவர் முழு வேகத்தில் குத்தினால் அரை நிமிடத்துக்குள் களைத்துப் போவார். ரிங்குக்குள் ஏறிய முதல் நாளே இது எவருக்கும் விளங்கிவிடும்.

கையுறை பழக்கியதை வெறுங்கை தாங்காது என்பதை மறக்கக்கூடாது. மண்டையோட்டில் முட்டியால் குத்தினால் சுண்டுவிரல் பக்கத்து எலும்பு முறிவது மருத்துவர்கள் அடிக்கடி காணும் காயம். ஆகவே வெறுங்கையில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் தள்ளியடிப்பது பாதுகாப்பானது. முய் தாய் இதோடு முழங்கை, முழங்கால், கழுத்துப் பிடி ஆகியவற்றையும் சேர்க்கிறது. ஒட்டி நிற்கும் தூரத்தில் அதற்கு இணையான அடிமுறை குறைவு.

ஜூடோ, மல்யுத்தம், ஜுஜிட்சு

கானோ ஜிகோரோ 1882இல் ஜூடோவை நிறுவியபோது, ஆபத்தான நுட்பங்களை ஒதுக்கிவிட்டு, முழு வலுவோடு மோதிப் பழகக்கூடியவற்றை வைத்துக்கொண்டார். அதன் பலமே அதுதான். சேர்ட் கொலரைப் பிடித்து உலுக்கும் சண்டையில் ஜூடோ பழகியவருக்கு அந்தப் பிடியே சாதகமாகிறது. மெல்லிய ரீ-சேர்ட் கிழிந்துவிடும், வெறும் மேலோடு நிற்பவனிடம் பிடிக்க எதுவும் இருக்காது. அங்கே மல்யுத்தக்காரரின் பிடி மேலானது.

ஜூடோவின் முதல் பாடம் விழப் பழகுவது. நாடியை மார்போடு சேர்த்து, முதுகை வளைத்து, கையால் தரையை அறைந்து விழும் முறை அது. கைகலப்பில் உயிர் போகும் சந்தர்ப்பங்களில் பல, குத்தினால் அன்றி, விழுந்து தலை கொங்கிரீட்டில் மோதுவதால் நேர்கின்றன. மோட்டார் சைக்கிளில் சறுக்கி விழும்போதும் இதே பழக்கம் காக்கும். அந்த வகையில் வாழ்நாளில் அதிக முறை பயன்படும் தற்காப்புப் பாடம் இதுவாகவே இருக்கும்.

1993 நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதலாவது யூஎஃப்சி போட்டியில், ஒல்லியான ரொய்ஸ் கிரேசி ஒரே இரவில் மூவரைத் தரையில் மடக்கினார். அதன் பின்னர் பிரேசிலியன் ஜுஜிட்சு உலகெங்கும் பரவியது. கழுத்தின் இரு பக்க நாடிகளும் சரியாக அழுத்தப்பட்டால் ஏறத்தாழ 10 செக்கனில் நினைவு தப்பும். பலம் குறைந்தவர் பலசாலியை அடக்க இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆயினும், தார் வீதியில் ஒருவனைக் கட்டிப் புரளும்போது அவனுடைய கூட்டாளி சும்மா நிற்கமாட்டான். ஜுஜிட்சுவிலிருந்து தெருவுக்கு எடுத்துச் செல்ல வேண்டியது, கீழே விழுந்தால் விடுபட்டு எழும் வித்தை.

கபடி என்னும் மறந்த ஆசான்

தற்காப்புக் கலைகளின் பட்டியலில் எவரும் சேர்க்காத ஒன்று நிந்தவூர்ப் பக்கம் மாலைதோறும் ஆடப்படுகிறது. 1990 பீஜிங் ஆசிய விளையாட்டு விழா முதல் பதக்கப் போட்டியாக இருக்கும் கபடியில், பாடிச் செல்பவர் எழுவர் வரை நிற்கும் பகுதிக்குள் தனியாக நுழைகிறார். அவருக்குக் கிடைப்பது 30 செக்கன். கணுக்காலைப் பிடிப்பார்கள், இடுப்பைக் கட்டுவார்கள், சங்கிலியாகக் கைகோத்து மறிப்பார்கள். அவரோ எவரையும் அடித்து வீழ்த்த வேண்டியதில்லை. தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பினால் போதும்.

தெருத் தற்காப்பின் இலக்கணமும் இதுவே: பலர் சூழ்கையில் பிடியை உதறிப் பாதுகாப்பான பக்கத்துக்கு வந்து சேர்வது. கணுக்காலில் பிடி விழுந்ததும் நல்ல ஆட்டக்காரர் நின்று இழுபடமாட்டார். உடம்பின் எடை முழுவதையும் கோட்டின் பக்கம் வீசி, கைவிரல் நுனியாவது கோட்டைத் தொடும்படி நீள்வார். மூச்சு முட்டும்போதும் திசையை மறக்காத அந்தப் பழக்கம் பல தற்காப்பு வகுப்புகளில் கிடைப்பதில்லை. கபடி ஆடிய ஒருவர் அதன்மேல் ஆறு மாதக் குத்துச்சண்டையைச் சேர்த்துக்கொண்டால், நிறப்பட்டிகளை மட்டும் சேர்த்து வந்தவரைவிடத் தயார்நிலையில் இருப்பார்.

கத்தி

வெறுங்கையால் கத்தியைப் பறிக்கும் நுட்பத்தை எந்தக் கலை கற்பித்தாலும் ஐயத்தோடு பார்க்க வேண்டும். எளிய சோதனை ஒன்று உண்டு. ஒருவர் வெள்ளை ரீ-சேர்ட் அணிந்து நிற்கட்டும். மற்றவர் சிவப்பு மார்க்கர் பேனாவைக் கத்தியாகப் பிடித்து, 10 செக்கன் விடாமல் பாயட்டும். முடிவில், கையைப் பிடித்துவிட்டதாக நம்பியவரின் முன்கையிலும் வயிற்றிலும் விலாவிலும் சிவப்புக் கோடுகள் நிறைந்திருக்கும். அமெரிக்கப் பொலிஸ் பயிற்சியாளர் டெனிஸ் டுவெலர் 1983இல் எழுதிய கட்டுரை, கத்தியோடு நிற்பவன் 21 அடி தூரத்தை ஏறத்தாழ ஒன்றரைச் செக்கனில் கடந்துவிடுவான் என்று காட்டியது. கத்தியைக் கண்டால் பணப்பையை எறிந்துவிட்டு ஓடுவதே முதல் நுட்பம். ஓட வழியில்லாதபோது கதிரை, சைக்கிள், ஹெல்மெட் என்று கைக்குக் கிடைத்ததை நடுவில் வைப்பது இரண்டாவது.

பெண்களுக்கான பாடம்

பெண்களுக்கு ஆபத்து பெரும்பாலும் இருட்டு ஒழுங்கையில் மறைந்திருப்பவனிடமிருந்து வருவதில்லை. தெரிந்த முகமும் பஸ் நெரிசலும் அதைவிடப் பெரிய ஆபத்து. பொதுப் போக்குவரத்தில் பாலியல் தொல்லையை அனுபவித்த இலங்கைப் பெண்கள் 90 சதவீதம் என்றும், பொலிஸ் உதவி நாடியவர்கள் 4 சதவீதம் மட்டுமே என்றும் ஐ.நா. சனத்தொகை நிதியத்தின் ஆய்வு கூறியது.

எது உதவும் என்பதற்குக் கனடாவிலிருந்து வலுவான சான்று உண்டு. 2015இல் சார்லின் சென் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், பல்கலைக்கழக முதலாண்டு மாணவியர் 893 பேர் இரு பிரிவுகளாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்கு மொத்தம் 12 மணிநேரப் பயிற்சி கிடைத்தது: ஆபத்தை முன்கூட்டியே உணர்தல், தெரிந்தவரிடமும் தயங்காமல் மறுத்தல், குரலெழுப்புதல், சில எளிய அடிகள். ஓராண்டில் வல்லுறவுக்கு ஆளானோர் அப்பிரிவில் 5.2 சதவீதம், பயிற்சி பெறாத பிரிவில் 9.8 சதவீதம். அடிமுறை அந்தப் பயிற்சியின் ஒரு பகுதி மட்டுமே. தயக்கத்தை உடைத்தது பெரும்பகுதி.

ஆகவே கல்முனையில் பெண் பிள்ளைகளுக்கு வகுப்பு நடத்துவோர், அபாயாவும் சால்வையும் அணிந்தபடியே பழக்குவது நல்லது. வகுப்பு உடையில் மட்டும் பழகிய உதை வீதியில் தடுக்கிவிடும். சால்வையைப் பின்னாலிருந்து இழுத்தால் எப்படித் திரும்புவது, பஸ்ஸில் "கையை எடுங்க!" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்வது எப்படி என்பவையும் பாடமாக வேண்டும். பாலியல் தொல்லை தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பொலிஸ் அவசர இலக்கம் 119.

சட்டத்தின் எல்லை

1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமையை வரையறுக்கின்றன. தன் உடலையும் பிறர் உடலையும் காக்கும் உரிமை எவருக்கும் உண்டு. தேவைக்கு மேல் தீங்கு செய்ய உரிமையில்லை. தாக்கியவன் விழுந்த பின்னரும் உதைத்தால், தற்காத்தவர் தாக்கியவர் ஆகிவிடுவார். எப்போது நிறுத்துவது என்று சொல்லித் தராத ஆசான் பாதிப் பாடமே நடத்துகிறார்.

தெரிவு

பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு ஜூடோவோ கராத்தேயோ கபடியோ எதுவும் நல்லது. இளைஞருக்கு ஓர் அடிமுறையும் ஒரு பிடிமுறையும் வேண்டும். குத்துச்சண்டையும் ஜூடோவும் அமைந்தால் சிறப்பு, இல்லாவிடில் கராத்தேயும் கபடியும் போதும். நேரமில்லாதவர்களுக்கும் பெண்களுக்கும், எதிர்ப்போடு நடத்தப்படும் குறுகியகாலப் பயிற்சி, வருடக்கணக்கில் வரிசை பழகுவதைவிட விரைவில் பயன் தரும். சீனடி பயில்வோர் அதை விடவேண்டியதில்லை. வாரத்தில் ஒரு மாலை மேடை வரிசையைத் தள்ளிவைத்து, பஞ்சுக் கம்போடு மோதிப் பார்த்தால் போதும்.

பணம் கட்டுமுன் ஒரு மாலை வகுப்பின் ஓரமாக உட்கார்ந்து பார்க்க வேண்டும். மூத்த மாணவர்களின் அடிகளில் சில தவறுகின்றனவா, பிடிபட்டவர் உண்மையாகத் திமிறுகிறாரா, களைத்தவர் மீண்டும் எழுந்து மோதுகிறாரா என்று கவனிக்க வேண்டும். எல்லாம் பிசகில்லாமல் அழகாக நடந்தால் அது ஒத்திகை. அடிகள் தவறி, ஆட்கள் வியர்த்துத் திணறும் வகுப்பில், கலையின் பெயர் எதுவாக இருந்தாலும் சேரலாம்.