நோயாளியைக் கவனிப்பவரை யார் கவனிப்பது?



வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோருடைய கண்ணும் அவர் மேல்தான். ஜிப்மருக்குப் போகும் நாள், கீமோ நாள், ரத்தப் பரிசோதனை நாள் என்று காலண்டரே மாறிவிடுகிறது. உடனிருந்து எல்லாம் செய்யும் மனைவியிடமும் மகனிடமும் மருமகளிடமும், "அத்தாவுக்கு எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறோம். "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பதில்லை. இம்மாதப் பாடம் அவர்களைப் பற்றியது.

கவலையும் நோயும்

கவலைப்படுவது ஈமானின் குறை அல்ல. யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் பார்வையை இழந்ததைக் குர்ஆன் கூறுகிறது. கதீஜா (ரலி) அவர்களையும் அபூதாலிபையும் நபி (ஸல்) அவர்கள் இழந்த ஆண்டு, துயர ஆண்டு என்றே வரலாற்றில் அழைக்கப்படுகிறது.

ஆனால் சிலருக்குக் கவலை முற்றி மனச்சோர்வு என்ற நோயாகிறது. கீழ்க்கண்டவற்றில் பல, இரண்டு வாரங்களுக்கு மேல் நாள்தோறும் இருந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்:

• எதிலும் விருப்பமின்மை, எப்போதும் மனம் கனத்திருத்தல்
• நோயாளி தூங்கும்போதும் தமக்குத் தூக்கம் வராமை
• பசியின்மை, காரணம் தெரியாத உடல்வலி, அசதி
• எதற்கெடுத்தாலும் எரிச்சல் (ஆண்களிடம் பெரும்பாலும் இப்படித்தான் தெரியும்)
• "நான் சரியாகக் கவனிக்கவில்லை" என்ற ஓயாத குற்ற உணர்வு
• வாழ்வதே வீண் என்ற எண்ணம்

நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்கும் வீடுகளில் சுமை இரட்டிப்பு. உள்ளே அழுதுகொண்டு, வெளியே சிரித்த முகம் காட்ட வேண்டியிருக்கிறது. அழுவதற்குக்கூட அங்கே இடமில்லை.

கவனிப்பவரும் படுத்துவிட்டால் மாத்திரை வேளை தவறும், அடுத்த கீமோ தள்ளிப்போகும். அவருடைய மனநலம் நோயாளியின் சிகிச்சையிலும் ஒரு பகுதிதான்.

உஸ்மான் (ரலி) அவர்களிடம் ஒரு பாடம்

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு பத்ருப் போருக்கு முஸ்லிம்கள் புறப்பட்டபோது, நபியவர்களின் மகள் ருகையா (ரலி) நோயுற்றிருந்தார்கள். அவர்களைக் கவனிக்க, கணவர் உஸ்மான் (ரலி) அவர்களை மதீனாவிலேயே இருக்கச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். போரில் கலந்துகொண்டவருக்குரிய நன்மையும் பங்கும் அவருக்கு உண்டு என்றும் அறிவித்தார்கள்.

இதில் இரண்டு பாடங்கள் உண்டு. நோயாளியின் அருகில் இருப்பது பெரிய அமல். அதைச் செய்பவருடைய மற்றப் பொறுப்புகளைச் சமூகம் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சுரங்கம் இரவு பகலாக ஓடுகிறது. ஆனால் ஒரே ஆள் மூன்று ஷிஃப்டும் பார்ப்பதில்லை. நோயாளி இருக்கும் வீட்டில் மட்டும் ஒரே பெண் மூன்று ஷிஃப்டும் பார்க்கிறார், வார விடுமுறையும் இல்லாமல்!

நாம் செய்ய வேண்டியவை

1. வாரத்தில் ஓர் அரைநாள் நோயாளியுடன் நீங்கள் இருங்கள். கவனிப்பவர் தூங்கட்டும், தாய்வீடு சென்று வரட்டும்.

2. "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். "வியாழக்கிழமை சாப்பாடு எங்க வீட்டிலிருந்து வரும்," "பிள்ளையை ஸ்கூலுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்" என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

3. "ஸப்ரு செய்யுங்கள்" என்று சொல்லும் முன் பத்து நிமிடம் அவர் பேசுவதைக் கேளுங்கள். இறந்துபோன நோயாளிகளின் கதைகளைச் சொல்லாதீர்கள்.

4. மருத்துவம் செய்துகொள்வது தவக்குலுக்கு எதிரானதல்ல. நோய்க்கு மருந்து தேடச் சொன்னவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் பலன் தரச் சில வாரங்கள் ஆகும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது.

5. அரசின் டெலி மானஸ் இலவச எண் 14416. இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். நோயாளியுடன் ஜிப்மர் செல்பவர்கள் அங்குள்ள மனநலப் பிரிவிலேயே தங்களையும் காட்டிக்கொள்ளலாம்.

6. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வது பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். அந்த நேரத்தில் ஹராம், ஹலால் என்று கண்டிக்க வேண்டாம். அருகில் இருங்கள், உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இந்த ஜும்ஆவுக்குள் நம் தெருவில் அப்படி ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவோம். நோயாளிக்குச் ஸலாம் சொன்னபின், அவரைக் கவனிப்பவரின் நலத்தையும் விசாரிப்போம்.

நோயுற்றவர்களுக்கு ஷிஃபாவையும், அவர்களைக் கவனிப்போருக்கு மனநிம்மதியையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.