முகம் பார்த்துப் பழகுங்கள்

முப்பது வருஷமாகக் கொல்லையில் வான்கோழி வளர்க்கிறேன். என்னிடம் ஆசையாகக் குஞ்சு வாங்கிப் போகிற பிள்ளைகள் பத்தாம் நாள் போன் பண்ணி, "அம்மா, ஒண்ணுகூட மிஞ்சல" என்பார்கள். கேட்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசையும். அவர்களுக்காகத்தான் இது.

1. பொரித்த குஞ்சுக்குத் தின்னத் தெரியாது. நாட்டுக்கோழிக் குஞ்சு ஓட்டைவிட்டு வந்ததுமே கொத்திப் பொறுக்கும். வான்கோழிக் குஞ்சுக்கு முதல் சில நாள் பார்வை மட்டு, பயம் அதிகம். தீவனம் காலடியில் கிடக்கும்போதே பட்டினியில் சாகும். வயிற்றுக்குள் மிச்சமிருக்கிற மஞ்சள் கரு இரண்டு மூன்று நாள் தாங்குவதால் அதுவரை எல்லாம் நன்றாகவே தெரியும். நாலாம் நாள், ஐந்தாம் நாள் கொத்தாகச் சாயும்.

அதனால் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து அலகு நுனியைத் தண்ணீரில் தொட்டுவிடுங்கள். மூக்குத் துளை நனையக் கூடாது. தண்ணீர்த் தட்டில் கலர்க் கோலிக்குண்டு நாலைந்து போட்டுவையுங்கள். மினுக்கத்தைக் கொத்த வந்து தண்ணீரைக் குடித்துவிடும், உள்ளே விழுந்து நனையவும் செய்யாது. கீரையைப் பொடியாக நறுக்கி, அவித்த முட்டையோடு பிசறிச் சாக்குத் துணிமேல் தூவுங்கள். வெறும் செய்தித்தாள் வழுக்கும், கால் விரிந்து ஊனமாகிவிடும். தூவியபின் விரல் நுனியால் டொக் டொக் என்று தட்டுங்கள். தாய் கொத்துகிறது என்று நினைத்து ஓடிவரும். 10 குஞ்சுக்கு ஒரு முட்டை, 1 லிட்டர் தண்ணீருக்கு 100 மில்லி பால், 15 நாள் வரை கொடுங்கள். சாயங்காலம் கழுத்தடியில் தீனிப்பையைத் தடவிப் பாருங்கள். காலியாக இருக்கிற குஞ்சுக்கு அன்றைக்கே ஊட்டிவிட வேண்டும், விடியட்டும் என்று விடாதீர்கள்.

2. சூடு போதுமா என்பதைக் குஞ்சே சொல்லும். பல்பின் அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர், ஓரம் ஒதுங்கி வாயைத் திறந்தால் வெக்கை, பரவலாகப் படுத்திருந்தால் சரி. முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைக்கலாம். தடுப்பு வட்டமாக இருக்கட்டும். மூலை இருந்தால் அங்கே போய் நெருக்கியடித்து மூச்சுமுட்டிச் சாகும்.

3. முதல் மாசத் தீவனத்தில் 28 சதவீதம் புரதம் வேண்டும். சாதாரணக் கோழிக்குஞ்சுத் தீவனத்தில் அவ்வளவு இருக்காது. கடலைப் பிண்ணாக்கு போட்டு ஈடுகட்டலாம் என்பார்கள், போடலாம்தான். ஆனால் 1960-ல் இங்கிலாந்தில் நடந்ததைத் தெரிந்துகொண்டு போடுங்கள். அங்கே சில மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தன. காரணம் தெரியாமல் முதலில் 'எக்ஸ் நோய்' என்றே பெயர் வைத்தார்கள். தேடிப்போனால், பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை. அது சுரக்கும் விஷத்துக்குத்தான் பிறகு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வந்தது. ஈரல்தான் அதற்கு இலக்கு. வான்கோழிக்கு அந்த விஷத்தைத் தாங்கும் சக்தி நாட்டுக்கோழியைவிட மிகக் குறைவு. பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். முக்கல் வாடை துளி இருந்தாலும் வேண்டாம். மழைக்காலத்தில் நான் பிண்ணாக்கு வாங்குவதே இல்லை. வாடை இல்லாமலும் விஷம் இருக்கலாம் என்பதால்.

4. நாட்டுக்கோழியோடு சேர்த்து விடாதீர்கள். இதை யாரும் கேட்பதில்லை, நானும் கேட்கவில்லை. ஆறாம் வருஷம் ஒரே கொல்லையில் இரண்டையும் மேயவிட்டேன். மூன்றாம் வாரம் கந்தக மஞ்சளில் கழிச்சல் கண்டது. இறக்கையைத் தொங்கப்போட்டுக் கண்ணை மூடி நின்றன. 22 வான்கோழியைப் புதைத்தேன். கோழிகள் எப்போதும்போல் மேய்ந்துகொண்டிருந்தன. கருந்தலை நோய் என்று பெயர், ஆனால் தலை கறுக்கும் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். கோழியின் குடல்புழு முட்டைக்குள் இந்தக் கிருமி ஒளிந்து மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். அந்த முட்டை மண்புழு வழியாகவும் வான்கோழி வயிற்றுக்குப் போகும். தடுப்பூசி கிடையாது. கோழி மேய்ந்த இடத்திலும் விடக் கூடாது.

5. வாங்கும்போது விசிறி விரித்து ஆடுகிறதே, சேவல்தான் என்று நம்பிவிடாதீர்கள். குஞ்சில் பெட்டையும் ஆடும். கறுப்பு நெஞ்சு இறகின் நுனியில் வெள்ளை இருந்தால், அகன்ற மார்பு வெண்கல (ப்ரோன்ஸ்) ரகத்தில் அது பெட்டை. 12 வாரத்திலேயே தெரியும். வளர்ந்தபின் நெஞ்சில் தொங்கும் குதிரைமயிர் போன்ற தாடி, அலகைத் தாண்டி வழியும் மூக்குச் சதை, 'கொளகொள' என்ற கூவல் மூன்றும் இருந்தால் சேவல். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது நந்தனம் வான்கோழி-1. நாட்டுக் கறுப்பையும் பெல்ட்ஸ்வில் சிறிய வெள்ளையையும் கலந்து நம் வெயிலுக்கென்றே உருவாக்கியது.

6. தினமும் காலையில் தலையைப் பாருங்கள். கோபமும் ஆசையும் வந்தால் சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கண்முன்னே மாறும். 1612-ல் கோவாவிலிருந்து வந்த வான்கோழியைப் பார்த்த முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் இந்த நிறமாற்றத்தை வியந்து எழுதிவைத்தார். அவருடைய அரசவை ஓவியர் மன்சூர் வரைந்த வான்கோழிப் படம் இன்றும் லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மயிலைப் பார்த்து ஆடுகிறது என்று நம் ஊரில் இளப்பமாகச் சொல்வதை நான் ஒப்பமாட்டேன். அது தன் ஆட்டத்தைத்தான் ஆடுகிறது. நிறம் மாறாமல் வெளுத்து, கழுத்தைச் சுருக்கி நின்றால் உடம்பு சரியில்லை. அப்போதே தனியே பிரியுங்கள்.

7. பெட்டை சுமார் 30 வாரத்தில் முட்டைக்கு வரும். பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் இடும், புதர் தேடிப்போய் ஒளித்து வைக்கும். அடைக்கு 28 நாள். கோழி முட்டையோடு கலந்து வைத்தால் 21-ஆம் நாள் பொரித்த குஞ்சைக் கூட்டிக்கொண்டு தாய் எழுந்துவிடும், மற்றவை கூமுட்டையாகும்.

8. ஐந்து பெட்டைக்கு ஒரு சேவல் போதும். சேவலின் நகத்தை மழுக்கிவிடுங்கள். மிதிக்கும்போது பெட்டையின் முதுகு கிழிந்துபோவதை ஒருமுறை பார்த்தால் மறக்கமாட்டீர்கள்.

9. இறகில்லாத தலை கொசுவுக்குத் தோதான இடம், கொசுவோடு அம்மையும் வரும். அம்மைக்கும் வெள்ளைக் கழிச்சலுக்கும் கால்நடை மருத்துவரிடம் கேட்டு ஊசி போட்டுவிடுங்கள். இருட்டுவதற்கு முன் மதில்மேல், முருங்கைக் கிளைமேல் ஏறிக்கொள்ளும். மரநாய் அங்கேயும் ஏறும். அந்தி சாயும்போதே குருணையைக் கையில் வைத்துக் கூப்பிட்டு, எண்ணி, கொட்டகையில் அடையுங்கள். கணக்கில் ஒன்று குறைந்தால், டார்ச் எடுத்துக்கொண்டு முதலில் முட்டைப் புதரைப் பாருங்கள். அடைக்கு உட்கார்ந்திருக்கும்.