மீன் எங்கே போனது?

பெங்களூரில் அல்சூர் ஏரி இருக்கிறது. ஏரிக்குப் பக்கத்தில் ஜோகுபாளையம். சின்னச் சின்னத் தெருக்கள். நெருக்கமான வீடுகள். தமிழ் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய உண்டு.

இந்தக் கதையில் வரும் அக்காவும் இங்கேதான் இருக்கிறார். இவருக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலைப் பக்கம். கல்யாணமாகி இங்கே வந்தவர். இந்திராநகரில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். ஒரு வருடமாக மாலை வகுப்புக்குப் போகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்கிறார்.

ஒரு நாள் ஒரு வீட்டு அம்மா அக்காவைக் கூப்பிட்டார்.

"நாங்கள் ஐந்து நாள் கோயம்புத்தூர் போகிறோம். மீன் தொட்டியை மட்டும் பார்த்துக்கொள். எல்லாம் சீட்டில் எழுதி வைத்திருக்கிறேன். நீதான் இப்போது படிக்கிறாயே!"

வீட்டுச் சாவியும் அக்காவின் கைக்கு வந்தது.

கூடத்தில் பெரிய கண்ணாடித் தொட்டி. மேலே சிவப்பும் மஞ்சளுமாகச் சின்ன மீன்கள் நீந்தின. அடியில் ஒரு புது மீன். விரல் நீளம்தான் இருக்கும். உடம்பு முழுக்க வரி வரியாகக் கோடுகள். வாயின் ஓரத்தில் மீசை.

"இது நேற்றுத்தான் வாங்கியது. விலை கூடுதல்" என்றார் வீட்டு அம்மா.

காணவில்லை

முதல் நாள் காலை. அக்கா சீட்டை எடுத்தார். முதல் வரியைப் படித்தார்.

"காலையில் ஒரு சிட்டிகைத் தீனி."

அவ்வளவுதானே என்று சீட்டை மடித்து வைத்தார். தீனி போட்டார். மேலே இருந்த மீன்கள் ஓடி வந்து தின்றன. வரி மீன் வரவில்லை.

இரண்டாம் நாள். வரி மீன் கண்ணிலேயே படவில்லை. அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தரையில் பார்த்தார். சோபாவின் அடியில் பார்த்தார். எங்கும் இல்லை.

அக்காவுக்கு வயிற்றைக் கலக்கியது.

சாவி என்னிடம் இருக்கிறது. வீட்டில் வேறு யாரும் இல்லை. மீன் எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்?

இரண்டு வருடத்துக்கு முன் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்திக்கு இப்படித்தான் ஆனது. வேலை செய்த வீட்டில் ஒரு கொலுசு காணாமல் போனது. பழி அவள் மேல் விழுந்தது. வேலையும் போனது. பத்து நாள் கழித்து அந்தக் கொலுசு கட்டிலுக்குப் பின்னால் கிடைத்தது. போன வேலை போனதுதான்.

அக்கா தொட்டிக்குள் கையை விட்டார். கற்களைப் புரட்டினார். சட்டென்று ஏதோ ஒன்று ஓடியது. தண்ணீர் கலங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை.

அன்று இரவு அக்காவுக்குத் தூக்கம் வரவில்லை.

செத்துவிட்டதா?

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மகளையும் கூட்டிக்கொண்டு போனார். மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள்.

தண்ணீர் தெளிந்திருந்தது. மகள் குனிந்து பார்த்தாள்.

"அம்மா! அதோ, அந்தக் கல்லுக்கு அடியில்!"

அக்கா பார்த்தார். வரி மீன்தான். ஆனால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. அசைவே இல்லை.

"ஐயோ, செத்துப்போச்சே!" என்றார் அக்கா. வலையை எடுத்தார்.

"இரும்மா" என்று மகள் தடுத்தாள். "செவுள் அசையுது பாரு."

ஆமாம். செவுள் மூடி மெல்லத் திறந்து திறந்து மூடியது. மீன் மூச்சு விட்டது. உயிர் இருந்தது.

உயிர் இருந்தால் ஏன் இப்படிக் கிடக்கிறது? நோயா? பசியா? இருவரும் அல்சூர்க் கடைத்தெருவில் இருக்கும் மீன் கடைக்கு நடந்தார்கள். அது வண்ண மீன் விற்கும் கடை. கடைக்காரர் வயதானவர். மதுரைப் பக்கத்துக்காரர். அக்கா சொன்னதை எல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

கடைக்காரர் சொன்னது

"அண்ணா, அந்த மீனுக்கு என்ன ஆச்சு?"

"ஒன்றும் ஆகவில்லைம்மா. நீங்கள் ஊரில் அயிரை மீன் பிடித்திருக்கிறீர்களா?"

"சின்ன வயசில் வாய்க்காலில் பிடித்திருக்கிறேன்."

"அயிரை எங்கே இருக்கும்?"

"அடியில் இருக்கும். கை வைத்தால் மணலுக்குள் புகுந்துகொள்ளும்."

"ஆரல்?"

"அதுவும் அப்படித்தான். சேற்றுக்குள் இருக்கும். மூக்கு மட்டும் வெளியே தெரியும்."

"கெளுத்தி?"

அக்கா சிரித்தார். "அது கல் இடுக்கில் இருக்கும். கையை விட்டு முள் குத்தியிருக்கிறது."

"எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கிறதே! அந்த வரி மீனும் அயிரைக்குச் சொந்தம்தான். தொட்டியில் இருந்தாலும் அதன் குணம் மாறுமா?"

பிறகு கடைக்காரர் விவரமாகச் சொன்னார்.

மீன்களில் சில மேலே நீந்தும். சில நடுவில் நீந்தும். சில அடியிலேயே வாழும். அடியில் வாழும் மீனைப் பார்த்தாலே தெரியும். அதன் வாய் கீழ் நோக்கி இருக்கும். வயிறு தட்டையாக இருக்கும். பல மீன்களுக்கு மீசை உண்டு. அந்த மீசை வெறும் அழகுக்கு இல்லை. நமக்கு நாக்கில் ருசி தெரியும். அந்த மீனுக்கு மீசையிலும் ருசி தெரியும். இருட்டில் மண்ணைத் தடவியே இரையைக் கண்டுபிடிக்கும்.

இந்த மீன்கள் ஏன் ஒளிகின்றன? ஆற்றில் கொக்கு வரும். மீன்கொத்தி வரும். பெரிய மீன் வரும். வெட்டவெளியில் கிடக்கும் மீன் இரையாகிவிடும். கல் இடுக்கில் இருக்கும் மீன் பிழைக்கும். இப்படிப் பிழைத்த மீன்களின் வாரிசுதான் இன்று தொட்டியில் இருக்கிறது. தொட்டியில் கொக்கு இல்லை என்பது அதற்குத் தெரியாது.

புதிதாக வந்த மீன் இன்னும் கூடுதலாக ஒளியும். புது இடம், புதுத் தண்ணீர், பளிச்சென்று விளக்கு. பழகச் சில நாள் ஆகும். சில மீனுக்குச் சில வாரமும் ஆகும்.

தனி மீனும் கூடுதலாக ஒளியும். அயிரை வகை கூட்டமாக வாழும் வகை. ஐந்தாறு சேர்ந்திருந்தால் தைரியமாக வெளியே வரும். ஒன்று மட்டும் இருந்தால் பயப்படும்.

"சரி அண்ணா. ஏன் செத்த மாதிரிக் கிடக்குது?"

"இந்த வகை மீன் அப்படித்தான் ஓய்வு எடுக்கும். விலாப்பக்கம் சாய்ந்து படுத்துக்கொள்ளும். இதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். நல்ல வேளை, உங்கள் மகள் செவுளைப் பார்த்தாள்."

மகளுக்குப் பெருமையாக இருந்தது.

"ஒன்று கேட்கிறேன்" என்றார் கடைக்காரர். "அதற்குத் தீனி என்ன போட்டீர்கள்?"

"காலையில் ஒரு சிட்டிகை."

"அது மிதக்கும் தீனி. மேலே இருக்கும் மீன்களே தின்றுவிடும். அடி மீனுக்கு மூழ்கும் தீனி வேண்டும். அதையும் விளக்கை அணைத்த பிறகு போட வேண்டும். அந்த அம்மா வாங்கிப் போனாரே, வில்லை வில்லையாக இருக்கும்!"

சீட்டின் மற்ற வரிகள்

இருவரும் திரும்பி வந்தார்கள். அக்கா சீட்டைப் பிரித்தார். இந்த முறை விரல் வைத்து, ஒவ்வொரு சொல்லாக, கடைசி வரை படித்தார்.

"காலையில் ஒரு சிட்டிகைத் தீனி.
மாலையில் விளக்கை அணைத்தபின் ஒரு வில்லைத் தீனி.
கல்லை நகர்த்த வேண்டாம்.
புது மீன் பகலில் வெளியே வராது. பயப்படாதே."

அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. அந்த அம்மா எல்லாவற்றையும் எழுதித்தான் வைத்திருந்தார்.

மாலை ஏழரை மணிக்கு மறுபடியும் வந்தார்கள். புரட்டிய கற்களைப் பழையபடி மெதுவாக அடுக்கினார்கள். விளக்கை அணைத்தார்கள். ஒரு வில்லையைப் போட்டார்கள். அது அடிக்கு இறங்கியது. மகள் டார்ச் விளக்கில் சிவப்புக் காகிதம் சுற்றி எடுத்து வந்திருந்தாள். மங்கிய சிவப்பு வெளிச்சம் மீனை அவ்வளவாக மிரட்டாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கால் மணி நேரம் ஆனது. கல் இடுக்கிலிருந்து முதலில் மீசை வந்தது. பிறகு தலை. பிறகு வரி வரியாக உடம்பு. மண்ணைத் தடவித் தடவி வந்தது. வில்லையைக் கண்டது. கொத்தித் தின்றது.

அக்கா பெருமூச்சு விட்டார்.

எது நல்லது? எது ஆபத்து?

அடி மீன் ஒளிவது இயல்பு. அதை நாம் கெடுக்கக் கூடாது. தேடித் தேடிக் கல்லைப் புரட்டினால் மீன் மிரளும். மிரண்ட மீன் சாப்பிடாது. சாப்பிடாத மீனுக்கு நோய் வரும்.

ஒளிய இடமே இல்லாவிட்டால் மீன் வெளியே வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது தவறு. ஒளிய இடம் இருந்தால்தான் மீனுக்குத் தைரியம் வரும். ஆபத்து வந்தால் ஓட வீடு இருக்கிறது என்று தெரிந்த மீன்தான் வெளியே உலாவும்.

ஒளிய இடத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். சுத்தம் செய்து கொதிக்க வைத்த கொட்டாங்குச்சி போதும். ஓரத்தில் ஒரு வாசல் வெட்டிக் கவிழ்த்து வைக்கலாம். உடைந்த மண் பூந்தொட்டியும் வைக்கலாம். கூர்மையான விளிம்பைத் தேய்த்துவிட வேண்டும். அடியில் கூரான கல் போடக் கூடாது. மீசை கிழியும். மணலும் உருண்டைக் கூழாங்கல்லும் நல்லது.

சில அறிகுறிகளைக் கண்டால் மட்டும் கவலைப்பட வேண்டும். இரவிலும் மீன் தின்ன வரவில்லை. துடுப்பை உடம்போடு ஒட்டி வைத்திருக்கிறது. உடம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. அடி மீன் மேலேயே நின்று வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. அயிரை எப்போதாவது மேலே போய் ஒரு வாய்க் காற்றைக் குடித்துவிட்டுத் திரும்பும். அது இயல்பு. மேலேயே நின்றால் தண்ணீர் கெட்டுவிட்டது என்று பொருள்.

அப்போது தண்ணீரில் கால் பங்கை மாற்ற வேண்டும். முழுவதும் மாற்றக் கூடாது. குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்திருக்கும். அது மீனுக்கு ஆகாது. வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்து, பிறகு ஊற்ற வேண்டும்.

ஏரியும் ஒரு தொட்டிதான்

2016 மார்ச் மாதம் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. கழிவு நீர் ஏரியில் கலந்தது. தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தது. மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. கொக்கு வந்தால் கல் இடுக்கில் ஒளியலாம். தண்ணீரே கெட்டுப்போனால் மீன் எங்கே ஒளியும்?

இன்னொரு செய்தி. தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று சொல்லி ஒரு கறுப்பு மீனை விற்கிறார்கள். கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும். தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. சின்னதாக வாங்குவோம். அது ஒரு அடிக்கு மேல் வளரும். தொட்டி போதாது. உடனே ஏரியில் விட்டுவிடுகிறார்கள். இது பெரிய தவறு. அங்கே அது கரையைக் குடைந்து பொந்து செய்யும். அதில் முட்டையிடும். நம் ஊர் மீன்களுக்குப் போட்டியாகப் பெருகும். இந்தியாவில் பல நீர்நிலைகளில் இது பரவிவிட்டது. அதன் முரட்டு முள்ளால் மீனவர்களின் வலை கிழிகிறது. வேண்டாத மீனைக் கடையில் திருப்பிக் கொடுங்கள். ஏரியில் விடாதீர்கள்.

வரி மீனோ நம் மண்ணின் மீன். மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறக்கும் துங்கா போன்ற ஆறுகளில் வாழ்வது. உலகில் வேறு எங்கும் இயற்கையாக இல்லை. இப்போது அழியும் ஆபத்தில் உள்ள மீன்களில் இதுவும் ஒன்று. ஆறு கெடுவதும், விற்பதற்காக அளவுக்கு மேல் பிடிப்பதும் காரணங்கள். வாங்கிவிட்டால் அதை நன்றாக வாழ வைப்பது நம் கடமை.

ஐந்தாம் நாள் வீட்டு அம்மா வந்தார். தொட்டியைப் பார்த்தார்.

"புது மீனைக் காணோமே?" என்றார்.

"இருக்குதும்மா. ஏழரை மணிக்கு விளக்கை அணையுங்கள், வரும்" என்றார் அக்கா. "இன்னும் நாலு வாங்கி விடுங்கள். தனியாக இருந்தால் அதற்குப் பயம்."

புதிய சொற்கள்

செவுள் – மீன் மூச்சு விடும் உறுப்பு
இயல்பு – இயற்கையான குணம்
அறிகுறி – அடையாளம்
வில்லை – தட்டையான வட்டத் துண்டு

பதில் எழுதுங்கள்

1. அக்கா ஏன் பயந்தார்?
2. மீன் உயிரோடு இருப்பதை மகள் எப்படிக் கண்டுபிடித்தாள்?
3. அடி மீன்கள் ஒளிவதற்கு இரண்டு காரணங்கள் எழுதுங்கள்.
4. அக்கா முதல் நாளே சீட்டை முழுவதும் படித்திருந்தால் என்ன நடந்திருக்கும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் ஊர் ஏரி, குளம், வாய்க்காலில் முன்பு என்னென்ன மீன்கள் இருந்தன? இப்போது எவை இருக்கின்றன? பெரியவர்களைக் கேட்டுப் பட்டியல் எழுதுங்கள்.