முஸாபிரின் தொழுகையும் கிப்லாவும்

பிழைப்பு நாடி அரூரிலிருந்து வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ புறப்படும் வாலிபர்கள் விடைபெற வரும்போது, "ஹஜ்ரத், பிரயாணத்தில் தொழுகையைச் சுருக்கலாமல்லவா?" என்று கேட்பதுண்டு. சலுகையை மட்டும் தெரிந்துகொண்டு போகிறவர்கள்தாம் அதிகம்.

நமது ஹனபி மத்ஹபின்படி, சுமார் 78 கிலோமீட்டர் தூரத்தை நாடி ஊரெல்லையைக் கடந்தவர் முஸாபிர். தருமபுரிக்கு மட்டும் போய்வருபவருக்குக் கஸ்ரு இல்லை. சென்னை விமான நிலையத்தை நாடிப் புறப்பட்டவர், அரூரின் வீடுகளைத் தாண்டியது முதல் லுஹர், அஸர், இஷாவின் பர்ளுகளை இரண்டிரண்டு ரக்அத்தாகத் தொழ வேண்டும். முகீமான இமாமைப் பின்பற்றினால் நான்கும் தொழ வேண்டும். பஜ்ரும் மஃரிபும் எப்போதும் சுருங்கா.

போய்ச் சேர்ந்த ஊரில் 15 நாளோ அதற்கு மேலோ தங்க நிய்யத் வைத்துவிட்டால் அவர் முகீம். 2 வருட ஒப்பந்தத்தில் போனவர், 'பரதேசத்தில்தானே இருக்கிறோம்' என்று தன் அறையில் இரண்டிரண்டாகவே தொழுது வந்தால் அவை கூடா. களாச் செய்தாக வேண்டும். பிள்ளைகளுக்குக் கடிதமோ போனோ போகும்போது வீட்டுப் பெரியவர்கள் இதை விசாரிப்பது நல்லது. சம்பளத்தை விசாரிக்கிறோமே!

பிரயாணத்தின் ஒவ்வொரு அசைவுக்கும் மார்க்கத்தில் ஓர் அமல் உண்டு. மேடேறும்போது தக்பீரும், பள்ளத்தில் இறங்கும்போது தஸ்பீஹும் சொல்லி வந்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரி ஷரீபில் வருகிறது. ஒட்டகப் பாதையின் மேடு பள்ளத்தில் சொன்னதை விமானம் எழும்பும்போதும் இறங்கும்போதும் சொல்ல யார் தடுக்கிறார்கள்? உயரும்போது உயர்ந்தவன் அவனே என்றும், தாழும்போது தாழ்வில்லாத தூயவன் அவனே என்றும் நாவு சொல்லட்டும். ஜன்னல் ஓரத்து இருக்கைக்குச் சண்டையிடுவதைவிட இது மேல்.

கிப்லாவைப் பாருங்கள். அரூரில் நாம் மேற்கே, சற்று வடக்குச் சாய்ந்து நிற்கிறோம். சூரியன் மறையும் பக்கம் என்று சிறுபிள்ளையும் காட்டிவிடும். அந்தப் பிள்ளை வளர்ந்து ஜித்தாவில் இறங்கினால் மக்கா அவனுக்குக் கிழக்கே. மஃரிபுக்கு நிற்கும்போது சூரியன் அவன் முதுகுக்குப் பின்னால் செங்கடலில் இறங்கும். லண்டன் போனவன் தென்கிழக்கை நோக்குவான். பிறந்தது முதல் மேற்கு மேற்கு என்றிருந்தவனுக்கு, நாம் முன்னோக்கியது மேற்கையல்ல, அந்த வீட்டையே என்பது அப்போதுதான் நெஞ்சில் உறைக்கும். எந்த ஊரில் இறங்கினாலும் முதலில் திசை கேளுங்கள். சோற்றுக்கடையைப் பிறகு கேட்கலாம்.

ஊரில் வழக்கமாகச் செய்துவந்த நபில்கள் பிரயாணத்தால் விடுபட்டால் கவலை வேண்டாம். ஊரிலிருந்தபோது செய்ததற்குரிய நன்மை முஸாபிருக்கு எழுதப்படுகிறது என்பது ஹதீஸ். ஆனால் ஊரில் செய்திருந்தால்தானே எழுதப்படும்!

திரும்பி வரும்போதும் ஒரு சுன்னத் உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் பிரயாணத்திலிருந்து வந்தால் முதலில் பள்ளிக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். வீட்டில் பெட்டியைத் திறக்கக் காத்திருப்பார்கள். சற்றுக் காத்திருக்கட்டும்.