விடை தெரிஞ்சாலும் தப்பாகும் கணக்கு

வேலைக்கான போட்டித் தேர்வுகளில் 'டேட்டா சஃபிஷியன்சி' என்றொரு பகுதி வரும். அதில் விடையைக் கேட்பதில்லை. கொடுத்த விவரம் விடைக்குப் போதுமா என்றுதான் கேட்பார்கள். நம்ம ஊர் உதாரணமே பார்ப்போம்.

கேள்வி: போடிமெட்டு மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகளின் எண்ணிக்கை ஒரு பகா எண். எத்தனை வளைவுகள்?
(அ) அந்த எண் 10-க்கும் 20-க்கும் இடைப்பட்டது.
(ஆ) அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகை 8.

பஸ்ஸில் எண்ணிக்கிட்டே போன நாம, '17தானே, (அ) மட்டும் போதும்'னு டிக் அடிச்சிடுவோம். தப்பு! (அ)-வின்படி 11, 13, 17, 19 என நான்கு உண்டு. (ஆ)-வின்படி 17, 53, 71 என நீளும். இரண்டும் சேர்ந்தால்தான் 17 மட்டும் நிற்கும். ஆகவே 'இரண்டும் தேவை' என்பதே சரி. நமக்கு மலை தெரியும் என்பது செல்லாது. தாளில் உள்ளதுதான் கணக்கு.

மனதில் வைக்க மூன்று:
1. 1 பகா எண் அல்ல.
2. இரட்டைப்படைப் பகா எண் 2 மட்டுமே. 'அது இரட்டைப்படை' என்ற ஒரு வரியே போதும்.
3. 'இது பகா எண்ணா?' என்று கேட்டு, '4-ன் மடங்கு' என்று கொடுத்தால் விடை 'இல்லை'. உறுதியான 'இல்லை'யும் போதுமான விடைதான்.

மாதிரித் தேர்வில் இந்த அவசரத்தால் மார்க்கை விட்டவன் நான். நீங்க விட்டுடாதீங்க!